முந்நூறு வினாடி

போத்தியில் மழை.
துறைமுக வாசலில் இருபத்து மூன்று லாரிகள்
ஹாரனை அமுக்கிக்கொண்டே இருக்கின்றன.
பளுதூக்கியின் மேலிருப்பவன் கடவுச்சொல்லை
மூன்றாம் முறையாக அடிக்கிறான்.
திரை முடியாது என்கிறது.
எடைமேடையிலும் முடியாது. சுங்க அறையிலும்.

இரவு இரண்டே முக்கால்.
லமாரா ஷோனியா ஈரக் காலணியைக் கழற்றாமலே
கோப்பைத் திறக்கிறாள்.

யாரை உள்ளே விடலாம் என்று
இந்தக் கரை முழுவதற்கும் சொல்கிற கோப்பு
நூற்றுப் பன்னிரண்டு வரிதான்.
சதுர அடைப்புக்குள் ஒரு தலைப்பு,
அதன் கீழே பெயர், சமக்குறி, மதிப்பு.
பெயர், சமக்குறி, மதிப்பு.
நெளி அடைப்பு ஒன்று திறந்தால்
எங்கோ ஒன்று மூட வேண்டும்.
விரலை வைத்து எண்ணுகிறாள். மூடித்தான் இருக்கிறது.

ஆட்சிப்பரப்பின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில்.
அதிலே ஒன்று சின்னதாகிவிட்டால்
அது வேறு நாடு, வேறு காவல்.
லமாராவின் மொழியில் பெரிய எழுத்தென்று தனியே எழுதுவதில்லை
(இதை எழுதுகிற மொழியிலும் இல்லை).
வேலைக்கு வந்த முதல் மாதம்
எழுத்துக்கு உயரம் எதற்கு என்று கேட்டவள்,
இப்போது ஒவ்வொன்றாக உயரம் பார்க்கிறாள்.
எல்லாம் நிமிர்ந்தே நிற்கின்றன.

நாற்பத்தோராம் வரி.
கடிகாரங்களுக்குள் எவ்வளவு பிசகு பொறுக்கலாம்?
அறுநூறு.
மேலே, வேலிக்குறி போட்ட தனி வரியில்:
"தற்காலிகம். ஒரு வாரம். கோச்சா."
தேதிக்கு ஏழு வயது.

வழக்கமாக முந்நூறு வினாடிதான்.
உன் கடிகாரமும் என் கடிகாரமும்
ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால்
நீ சொல்வது உண்மையாகவே இருந்தாலும்
பழைய உண்மையாக இருக்கலாம்,
யாரோ வழியில் திருடி மறுபடி நீட்டுவதாக இருக்கலாம்.
கோச்சா கடிகாரத்தைத் திருத்தவில்லை.
பொறுமையை இரட்டிப்பாக்கிவிட்டு
தேநீர் குடிக்கப் போயிருப்பான்.

சர்வரில் நேரம் கேட்கிறாள்.
கைபேசியில் பார்க்கிறாள்.
பத்து நிமிடம் பதினோரு வினாடி.

ஏழு வருடம் அந்தப் பெட்டி
மெல்ல மெல்லப் பின்தங்கிக்கொண்டிருந்திருக்கிறது,
யாரும் கோபிக்கவில்லை,
இன்றிரவு அந்தப் பதினோரு வினாடி வரை.

தொள்ளாயிரம் என்று மாற்றலாம்.
விரல் ஒன்பதின் மேல் போய் நிற்கவும் செய்தது.
வெளியே இருபத்து மூன்று ஹாரன்,
அதையும் தாண்டி ரியோனிச் சதுப்பில் தவளைகள்.

நேரத்தைத் திருத்தினாள்.
முந்நூறு என்று எழுதினாள்.
குறிப்பைத் துடைத்தாள்.
பளுதூக்கி அசைந்தது. முதல் லாரி உறுமி நுழைந்தது.
காவலாளி வலிகோ ஜன்னல் வழியே கட்டைவிரல் காட்டினான்,
ஏதோ அவனே சரிசெய்தது போல.

போயிருக்கலாம். ஆனால் பக்கத்தில் இன்னொரு கோப்பு,
யார் யாருக்கு என்ன உரிமை என்பது.
மூன்றே வரி. இரண்டாவதில்
கோச்சாவின் பெயர், அதற்கு எதிரே ஒரு நட்சத்திரம்.
நட்சத்திரம் என்றால் எல்லாம்:
சேர்க்கலாம், நீக்கலாம், யார் சாவியையும் மாற்றலாம்.
கோச்சா போலந்தில் ட்ரக் ஓட்டப் போய்
மூன்றாவது குளிர்காலம்.
அங்கே ஏதாவது பெட்ரோல் பங்கில்
பனியைச் சுரண்டிக்கொண்டு நிற்கும் அவனுக்கு
தான் இன்னும் இந்தத் துறைமுகத்தின் கடவுள்
என்பது தெரியாது.

வரியை அழிக்கப் போனவள்
அழிக்கவில்லை.
முன்னால் ஒரு வேலிக்குறி வைத்தாள்.
வேலிக்குறிக்குப் பின்னால் உள்ளதை
இயந்திரம் படிக்காது. மனிதர்கள் படிப்பார்கள்.

கொஞ்சம் யோசித்து, அதே வரியின் கடைசியில் சேர்த்தாள்:
"எனக்கு நாற்பது லாரி பாக்கி."

லாரி அவர்கள் ஊர்க் காசு.
வாசலில் நின்றவை
இருபத்திரண்டுதான் இப்போது.