ஆறாம் குரோமோசோம்

நீடாமங்கலம் கேட் அடைத்துக் கிடந்தது.
மடியில் ஐஸ் பெட்டி; அதற்குள்
அக்கா தங்கை ரத்தம், இரண்டு குழாய்.

தங்கை தில்லைக்கரசி.
புருசனுக்குச் சர்க்கரை வந்த வருசம்
வீட்டில் ராத்திரிச் சோறு நின்றது.
சப்பாத்தி தின்று அவர் இளைத்தார், நல்லதென்றார்கள்.
இவளும் இளைத்தாள்.
பேதி, சோகை, கொத்தாய் உதிரும் முடி.
கண்ணேறு என்று எலுமிச்சை சுற்றினார்கள்.

அக்கா கமலவேணிக்குப் பரோட்டாக் கடை.
மைதாக் கையைத் துடைத்து நீட்டினாள்:
"கல்லைத் தின்னாலும் செரிக்கும் எனக்கு. ஊசி எதுக்கு?"

தாள் வந்தது.
இருவருக்கும் டிக்யூ இரண்டு, பிசகாமல்.
குறுவையும் தாளடியும் தின்ற தலைமுறைகள்
இருப்பதே தெரியாமல் சுமந்து
இறக்கிவைத்த எழுத்து.
ஒருத்தியின் குடலில் அது
கோதுமையைப் பகையென்று வாசிக்கிறது.
மற்றவளிடம் வாயே திறக்கவில்லை.
ஏனென்று தேடத்தான்
இன்னும் நானூறு குழாய் வேண்டும்.

தில்லைக்கரசி மறுபடி உலை வைத்தாள்,
தனிக் கரண்டி, தனித் தட்டு.

நேற்றிரவு போனில் கமலவேணி:
"எனக்கும் அது இருக்குன்னா
எனக்கும் வருமா சார்?"
பின்னால் கொத்துக்கரண்டி
கல்லில் இடித்துக்கொண்டிருந்தது.
வரலாம், வராமலும் போகலாம் என்றேன்.
"கேக்கல, சத்தமாச் சொல்லுங்க" என்றாள்.