முறுக்கக் கூடாது

நாகவேணி முதல் நைட் ஷிஃப்ட்டுக்குக் கிளம்பிய அன்று
ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டிவிட்டுப் போனாள்.

கம்பளி ஜட்டி இரண்டு.
வெதுவெதுப்பான தண்ணீர்.
முறுக்கக் கூடாது.

கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு.
ஆளைத் தெரிந்து போட்ட கோடு.
சிப்காட்டில் எட்டு மணி நேரமும் நான் முறுக்குகிறவன்.
நட்டுக்கு நாற்பத்தைந்து நியூட்டன் மீட்டர்,
டார்க் ரெஞ்ச் 'கிளிக்' என்று ஒத்துக்கொள்ளும் வரை.

தன்விகா தூங்கிவிட்டாள்.
ஓசூர் கார்த்திகைத் தூறல்
ஜன்னல் இடுக்கு வழியாக வந்து
கணுக்காலைத் தொடுகிறது.
மூன்று வாரமாய்த் துவைக்காத ஜட்டிகள்.
முகம் சுளிக்க வேண்டாம்.
உள்ளே வைக்கிற பருத்தித் துணிதான் தினமும் கொதிக்கும்.
கம்பளிக்குக் கொஞ்சம் காற்று போதும்,
மூத்திர வாடையை அதுவே செரித்துக்கொள்ளும்.
ஒருநாள் செரிக்காது.
அன்றைக்குக் கொழுப்பு தீர்ந்துவிட்டது.

கொழுப்பு சின்ன டப்பாவில் இருக்கிறது,
தேனுக்கும் மெழுகுக்கும் நடுவில் ஒரு மஞ்சள்.
மூடியைத் திறந்ததும்
தளி ரோட்டில் பஸ்ஸை நிறுத்திவைத்து
அவசரமில்லாமல் கடந்துபோகிற
நனைந்த மந்தை.
மேலே பெய்கிற மழை உள்ளே இறங்காதிருக்க
ஆடு சுரந்தது.
உள்ளே பெய்கிற மழை வெளியே வராதிருக்க
நான் வாங்கியது,
நானூற்று இருபது ரூபாய், கூரியர் தனி.

வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு?
எங்கள் டிராயிங்கில் எதற்கும் ஓர் எண் உண்டு,
கூட இவ்வளவு போகலாம், குறைய இவ்வளவு.
சீட்டில் எண் இல்லை.
ஹீட்டர் தண்ணீரை அப்படியே ஊற்றி
கறையிருந்த இடத்தைக் கசக்கினேன்.
சாம்பல் நிற ஜட்டி
என் கைக்குள்ளேயே தன்னை இறுக்கிக்கொண்டது.
தொட்டாற்சுருங்கியாவது மறுபடி விரியும்.
தூக்கிப் பார்த்தேன்.
ஒரு தேங்காய்க்குப் போடலாம்.
சின்னத் தேங்காய்.

பச்சை மிச்சமிருந்தது.
குழந்தை குளிக்கிற தண்ணீரில்
நாகவேணி கையை விடமாட்டாள், முழங்கையை விடுவாள்.
என் உள்ளங்கை பதினோரு வருஷ சர்வீஸ்,
சூட்டைப் பற்றிப் பொய் சொல்லும்.
முழங்கைக்கு வேலை அனுபவம் இல்லை.
அதைக் கேட்டேன்.

ஒரு டம்ளர் கொதிநீர், பட்டாணி அளவு கொழுப்பு.
ரசத்து எண்ணெய்போல வட்ட வட்டமாய் மிதந்து
ஒட்டமாட்டேன் என்றது.
பேபி ஷாம்பு இரண்டு சொட்டு விட்டு
பாட்டிலில் போட்டுக் குலுக்கினேன்.
பால் ஆனது.
இது எனக்குத் தெரியும்!
லேத்துக்கு ஊற்றும் கூலன்ட்டும்
தண்ணீரில் விழுந்ததும் இப்படித்தான் வெளுக்கும்.
அந்த ராத்திரியில் எனக்குத் தெரிந்திருந்த ஒரே விஷயம்.

முழங்கை சரி என்கிற வரை ஆறவிட்டு
பச்சையை உள்வெளியாய்த் திருப்பி அமுக்கினேன்.
குமிழி விட்டுக்கொண்டே முங்கியது.

இரண்டரைக்குத் தன்விகா எழுந்தாள்.
மேலே போட ஜட்டி இல்லை.
ஒன்று வாளியில், ஒன்று தேங்காய்க்கு.
வெறும் துணியோடு தோளில் போட்டு நடந்தேன்.
பனியன் நனைந்தது,
வெதுவெதுப்பாக.
சீட்டில் எழுதாத எண் இதுதானோ என்று
குளிரும் வரை நின்றிருந்தேன்.

விடிகாலையில் பச்சையைத் துண்டில் வைத்துச் சுருட்டி
மேலே ஏறி நின்றேன்.
மிதிக்கக் கூடாது என்று அவள் எழுதவில்லை.

ஆறே முக்காலுக்குக் கம்பெனி பஸ்.
கண்ணெல்லாம் ட்யூப்லைட்டோடு வந்தவள்
முதலில் சின்னதைத்தான் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லாமல் எடுத்து
தன் முஷ்டியில் மாட்டினாள். அளவாக இருந்தது.
பிறகு என் கையைப் பிடித்து, விட்டு,
மறுபடி பிடித்தாள்.
"என்னத்தத் தடவுன?"
"ஆடு."

அந்த முஷ்டியோடேயே தூங்கிப்போனாள்,
குழந்தை பக்கம் திரும்பி.
பச்சை கட்டிலடியில் பேப்பர்மேல் விரிந்து கிடக்கிறது.
இந்தத் தூறலுக்கு நாளை மறுநாள் ஆகும்.
எனக்கு ஏழு ஐம்பதுக்கு பஸ்.
முதல் நட்டில் ரெஞ்ச் கொஞ்சம் வழுக்கும்.