இருபத்து நான்குக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே

மேல்வரிசை ஒற்றை எண்கள், கீழ்வரிசை இரட்டை.
சோளக்கதிர் போல் நெருங்கிய நாற்பத்தெட்டுத் துளைகள்.
ஸ்விட்சின் முகத்தில் அச்சடித்திருந்ததை
ஆறு வருஷம் அப்படியே நம்பினேன்.

குன்னூரில் எங்கள் மருத்துவமனைக்கு இரண்டு கேபிள்.
ஒன்று பர்லியார் வழியாக இறங்குகிறது.
மற்றது கோத்தகிரி சுற்றிக் குஞ்சப்பனை வழியாக.
ஒரு பக்கம் மண் சரிந்தால் மறுபக்கம் இருக்கட்டும் என்று
பதினோரு மாதம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்து
வாங்கிய வழி அது.
வந்த அன்று எல்லோருக்கும் வர்க்கியும் டீயும்.

இரண்டையும் செருகியது நான்தான்:
இருபத்து மூன்று, அதன் கீழே இருபத்து நான்கு.
பார்க்க ஒழுங்காக இருந்தது.

நவம்பர். ஐந்தாம் நாள் மழை.
இரவு இரண்டு நாற்பதுக்கு
ஸ்கேன் அறையிலிருந்து ப்ளாரன்ஸ்:
காட்டெருமை முட்டிய ஆள், தோட்டக் காவலர் பரமானந்தன்,
படம் எடுத்தாயிற்று, கோயம்புத்தூர் போக மாட்டேன் என்கிறது.
"வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு மேடம்."

மண் சரிவுதான், வேறென்ன.
இந்த மலையில் எது நின்றாலும்
முதலில் சாலையைத்தான் திட்டுவோம்.
போஜனைப் பர்லியாருக்கு விரட்டினேன்,
கோத்தகிரி யோகராசாவை எழுப்பிக் குஞ்சப்பனைக்கு.

மூன்றரைக்கு போஜன்:
"கேபிள் நல்லாத்தான் இருக்கு. ஒரு யானை நிக்குது, அவ்வளவுதான்."
அடுத்து யோகராசா:
"இங்கயும் ஒண்ணுமில்ல. திரும்பட்டுமா?"

இரண்டு பக்கமும் முழுசு.
பெட்டியில் பச்சை விளக்குகள் சிமிட்டுகின்றன.
மருந்தகத்துப் போன் பேசுகிறது,
வரவேற்பறைப் போன் ஊமை.
மருந்தகம் முப்பத்தொன்று.
வரவேற்பறை ஒன்பது.

ஒன்பது.

மடிக்கணினியைப் பெட்டியோடு கோத்து
இதுவரை கேட்காத கேள்வியைத் தட்டினேன்:
எந்தத் துளை, எந்தச் சிப்?

பட்டியல் விழுந்தது.
முதல் துளைக்கு உள்ளே பெயர் பதினேழு.
இரண்டாவதுக்குப் பதினாறு, மூன்றாவதுக்கு ஏனோ இருபது.
கதவு எண் ஒன்று, சர்வே எண் வேறு.
செம்புத் தடம் வளைய எது வசதியோ
அப்படி எண்ணியிருக்கிறார்கள்;
முன்னால் குந்தியிருக்கும் என் வசதிக்கு அல்ல.

அதுகூடப் போகட்டும்.
ஒன்று முதல் இருபத்து நான்கு வரை சிப் பூஜ்ஜியம்.
அதற்கப்புறம் எல்லாம் சிப் ஒன்று.
பூஜ்ஜியம் மூச்சற்றுக் கிடந்தது.
விளக்கை எரிக்கிறது பக்கத்தில் இன்னொரு சின்னச் சிப்;
அதற்கு இன்னும் சேதி போகவில்லை.

இரண்டு மலைவழி,
அத்தனை கொண்டை ஊசி வளைவு,
பதினோரு மாதக் கையெழுத்து,
எல்லாம் என் அறைக்குள் வந்து
ஒரு நகத்தளவுப் பாலத்தில் ஏறியிருக்கின்றன.
இரண்டு சாலையும் மேட்டுப்பாளையத்தில் சேரும், தெரியும்.
இறங்கத் தொடங்கும் முன்பே சேர்ந்துவிட்டதுதான்
தெரியாது.

நாலு வரி அமைப்பைப் புதுத் துளைக்கு எழுதிவிட்டு
இருபத்து நான்கைப் பிடுங்கி
இருபத்தைந்தில் செருகினேன்.
ஒரு விரற்கடை, வலப்பக்கம், கொஞ்சம் மேலே.

நாலு பத்துக்குப் படம் போனது.
விலா மூன்று, நுரையீரலில் ஒன்றுமில்லை
என்று கீழிருந்து பதில்.

விடியும்போது போஜன் சொட்டச் சொட்ட வந்தார்.
"எங்க சரிஞ்சது?"
காட்டினேன்.
குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார்.
"ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே தெரியலையே.
ஒரு கோடாவது போட்டு வைங்க."

ப்ளாரன்ஸ் கைப்பையைத் துழாவி
சிவப்பு நகச்சாயம் எடுத்தாள்.
இருபத்து நான்குக்கும் இருபத்தைந்துக்கும் நடுவே
மேலிருந்து கீழாக, கை நடுங்காமல்,
அவளே இழுத்தாள்.

காயும்வரை மூன்று பேரும் நின்றோம்.
வெளியே மழை விடவில்லை.
சாலை இரண்டும் திறந்தே இருந்தன.