நூற்று நாற்பத்திரண்டு அடி

வார்டிலிருந்து ஆய்வகத்துக்கு நூற்று நாற்பத்திரண்டு அடி.
என் காலுக்கு அவ்வளவு.
ஒகேயோவுக்குக் குறைவாக இருக்கலாம்,
அவர் இந்தப் பக்கம் நடந்து நான் பார்த்ததில்லை.

அக்கெட்ச் சிஸ்டர் கையில் தரும்போது
ரத்தக் குப்பி வெதுவெதுவென்றிருக்கும்.
ஆய்வகச் சன்னலில் நீட்டும்போது
வெறும் குப்பி.
எந்த அடியில் ஆறிப்போகிறது என்று
மூன்று வருடமாகக் கவனிக்கிறேன், பிடிபடவில்லை.

கிசுமுவில் மழை பிடித்தால் கொசு,
கொசு பிடித்தால் எனக்கு நடை.

வெள்ளிக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும்.
இரண்டு கட்டம். ஒன்றில்தான் டிக்.
அண்ணன் ஒலுவோச் கணக்குப் போட்டுவிட்டான்:
படிப்புக் காலம் ஒன்றேதான்,
கட்டணத்தில் ஒரு கன்றுக்குட்டி வித்தியாசம்,
செவிலி என்றால் வெளிநாடு போகலாம்,
லேப் என்றால் உட்கார்ந்து வேலை.
அவன் சொன்ன எல்லாமே சரி.
அதனால் ஒன்றும் ஆகவில்லை.

அக்கெட்ச் சிஸ்டர் மட்டாட்டுவில் தூங்கும்போதும்
யாருடைய மணிக்கட்டையோ பிடித்திருப்பதுபோல்
விரல்கள் வளைந்திருக்கும்.
மருந்து தாமதமானதென்று ஒருவர் அவர்மேல் துப்பினார்.
மறுவாரம் செய்தித்தாளில் சுற்றிய மீனோடு வந்தார்.
சிஸ்டர் எதையும் மறக்கவில்லை.
மீனை வாங்கிக்கொண்டார்.

ஒகேயோவுக்கு யாரும் மீன் கொண்டுவருவதில்லை.
வலக்கண் லென்சில், இடக்கை எண்ணும் பொத்தானில்,
ரேடியோவில் யாரோ கோல் போடுகிறார்கள்.
டிக், டிக், டிக்.
எவருடைய காய்ச்சல் என்று அவர் கேட்பதில்லை,
எண்ணைப் பார்த்து எண்ணை எழுதுகிறார்.

அவர் கழிப்பறைக்குப் போன ஒரு மதியம்
நான் எட்டிப் பார்த்தேன்.
நெடுநேரம் ஒன்றும் தெரியவில்லை,
என் இமைமயிரைத் தவிர.
பிறகு திருகை ஒரு மயிரிழை திருப்ப,
வந்தது.
யாரோ குளத்தில் தவறவிட்ட
ஊதாக் காதுவளையங்கள்,
ஒன்று, இரண்டு, ஏழு.
காலடிச் சத்தம் கேட்டு விலகினேன்.
சாயத்தின் ஊதா கட்டைவிரலில்
இரண்டு நாள் இருந்தது. நான் அழுத்திக் கழுவவில்லை.

செவ்வாய் இரவு குப்பியில் பெயர் இல்லை.
வார்டில் பதினேழு பேர், ஒரே சிஸ்டர்.
பெயர் இல்லாவிட்டால் திருப்ப வேண்டும், அது விதி.
ஒகேயோ சன்னல் வழியாகத் தள்ளினார்,
என் முகத்தைப் பார்க்காமல்.

மூன்று வயது ஒப்பியெரோ.
மறுபடி நரம்பு தேட வேண்டும்.
சிஸ்டர் சொன்னார்: காலைப் பிடி.
பிடித்தேன். அந்தக் கால் ஒரு கோழியைப்போல்
என் கைக்குள் துடித்தது.
அவன் ஊசியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.
அவன் அம்மா கேட்டாள்:
முன்னே எடுத்த ரத்தம் எங்கே போச்சு?

அது என் பையில் இருந்தது.
சில்லென்று.

இரண்டாவது குப்பியோடு நான் எண்ணவில்லை. ஓடினேன்.
சன்னலில் நின்று, கால் இன்னும் துடிக்கிறதா என்று யோசித்தேன்.
வார்டுக்குத் திரும்பி, வளையம் எத்தனை என்று யோசித்தேன்.
இங்கே நிற்கும்போது அங்கே.
இது என்ன புத்தி என்று
நடுவழியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்,
கொஞ்சநேரம் சும்மா நின்றேன்.

வியாழக்கிழமை ஒப்பியெரோ எழுந்து உட்கார்ந்து
கஞ்சிக் கிண்ணத்தை என்மேல் கவிழ்த்தான்.
நல்ல குறி.

வெள்ளி. விண்ணப்பத்தில்
பெயர் எழுதும் இடத்தைத்தான் முதலில் நிரப்பினேன்,
வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில்.
ஒலுவோச் போனில் கேட்டான்: எது?
ஆய்வகம் என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.
ஏன் என்றான்.
இமைமயிர் என்றேன்.
லைன் கெட்டுவிட்டதென்று நினைத்து
ஹலோ, ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தான்.