பதின்மூன்றாம் மாதம்

டுலூத் நூலகத்தின் கீழ்த்தளத்தில்
சனிக்கிழமைகளில் மட்டும்
இலவசமாக வரிக்கணக்கு எழுதித் தருகிறோம்.
முப்பத்தோரு வருடம் தபால் பிரித்த விரல்கள் எனக்கு.
எந்தக் காகிதம் எந்தக் குழிக்கு என்று
பார்க்காமலே தெரியும்.

மார்லிஸ் கெட்டோலா
பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலிலேயே உதறிவிட்டு
ரொட்டி வந்த பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள்.
முதியோர் விடுதியில் நாளுக்கு மூன்று மணி நேரம்
படுக்கை விரிப்பு வெளுக்கிறாள்.
வலிப்பு வரும்.
அதனால் மாதாமாதம் அரசின் உதவித்தொகை.
பத்து வயதில் பிரிட்டா என்று ஒரு மகள்.

கடைசிக் கட்டத்தில் எண் விழுந்தது:
நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டு டாலர்.
அவளுக்குத் திரும்பி வரப்போகும் பணம்.
அவள் சந்தோஷப்படவில்லை. குரலைத் தாழ்த்தி,
"இதைப் பார்த்தால் உதவியை நிறுத்திவிடுவார்களா?"

"மாட்டார்கள்" என்றேன்.
"பன்னிரண்டு மாதம் இது அவர்கள் கண்ணில் படாது.
வருமானமும் இல்லை, சொத்தும் இல்லை.
அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால்தான்
உங்கள் இருப்போடு சேர்த்து எண்ணுவார்கள்.
மொத்தம் இரண்டாயிரத்தைத் தாண்டக் கூடாது."
நல்ல செய்தி சொல்கிறவனின் குரலில்தான் சொன்னேன்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுக்கு வேண்டியிருந்தது தரைத்தளத்தில் ஒரு வீடு.
இப்போதிருப்பது மாடி.
பதின்மூன்று மரப்படி, ஓரம் தேய்ந்து வழுக்கும்.
வலிப்பு படி பார்த்து வருவதில்லை.
முன்பணம், முதல் மாதம், கடைசி மாதம் என்று
ஐயாயிரம் கேட்டிருந்தார்கள்.
நாலாயிரத்தோடு ஓர் ஆயிரம் சேர
ஒரு வருடம் போதாதா என்று நினைத்தாளாம்.

ஏப்ரலில் காரின் சைலன்சர் அறுந்து விழுந்தது.
ஜூலையில் பிரிட்டாவின் கடைவாய்ப் பல்.
செப்டம்பரில் ஒன்றும் நடக்கவில்லை,
அந்த மாதத்தை அவள் தனியாகக் குறிப்பிட்டுச் சொன்னாள்.
டிசம்பரில் விடுதிக்காரர்கள் மூன்று மணி நேரத்தை
இரண்டாக்கினார்கள்.
இத்தனைக்கும் பிறகு, நம்புங்கள்,
வங்கியில்
இரண்டாயிரத்து நானூற்று எண்பது டாலர் வைத்திருந்தாள்.

வீட்டுக்குப் போதாது.
உதவிக்கு அதிகம்.
சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பது
ஊருக்குச் சொன்ன பேச்சு.
அவள் சிறுகக் கட்டலாம், அவ்வளவுதான்.

ஜனவரிக் கடைசியில் அலுவலகத்துக்குப் போய்
எதை வாங்கி வைத்தால் கணக்கில் வராது
என்று கேட்டிருக்கிறாள்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவள்
(கெட்டவள் இல்லை, இருமலுக்கு மிட்டாய் நீட்டினாளாம்)
திரையைப் பார்த்து வாசித்தாள்:
ஒரு கார். வீட்டுச் சாமான்கள்.
கல்லறைக்கு ஓர் இடம்.

"கல்லறையா?"

"ஆமாம், உங்களுக்கு. உங்கள் மகளுக்கும் வாங்கலாம்.
அதை நாங்கள் எண்ணுவதில்லை."

இதை எனக்குச் சொல்லும்போது மார்லிஸ் சிரித்தாள்,
மேல்வரிசையில் பல் இல்லாத இடம் தெரிய.
"நான் கேட்டது தரைத்தளம்.
அதற்கும் ஒரு தளம் கீழே தருகிறார்கள்."

வாங்கவில்லை.
ஐந்நூற்று இருபது டாலருக்குத் தடித்த கம்பளம் வாங்கி
வீட்டுக்காரனின் படிகளுக்கு
மேலிருந்து கீழே ஆணியடித்துவிட்டாள்,
பதின்மூன்றுக்கும்.
விழுந்தால் கொஞ்சம் மெத்தென்று இருக்கும்.
நிறம் பிரிட்டா தேர்ந்தெடுத்தது, பாசிப்பச்சை.
ரசீதை என் மேசையில் நீவி விரித்தாள்,
கட்டைவிரலால், ஒரு விரிப்பை நீவுவது போல.

இது இந்தப் பிப்ரவரி.
அதே ரொட்டிப் பை.
இந்த முறை மூவாயிரத்து எழுநூற்று நாலு.
நான் வாய் திறப்பதற்குள் அவளே,
"தெரியும். பன்னிரண்டு மாதம்."

எழுந்து கோட்டின் பொத்தான்களை மாட்டியவள்
கதவருகில் நின்று கேட்டாள்:
"அடுத்த பிப்ரவரிக்கு எத்தனை நாள்?"

போனில் தேடிப் பார்த்தேன்.
இருபத்தெட்டு என்றேன்.

"சரி" என்றாள்.