நூறு வாட்

எங்கள் ஊர்ப் பெயருக்கு எண்ணெய்த் தண்ணீர் என்று பொருள்.
மாய்லு-சூ.
எண்ணெய் போய் வெகுகாலம்,
தண்ணீர் ஏப்ரலில் வரும்,
வந்தால் கரையையும் கொண்டுபோகும்.

அந்தக் குளிர்காலம் தொழிற்சாலை
சம்பளத்துக்குப் பதில் பல்பு கொடுத்தது.
எனக்கு மூன்று பெட்டி. எல்லாம் நூறு வாட்.

பதினொரு வருடம் இழை பார்த்தவள் நான்.
பூதக்கண்ணாடிக்கு அடியில் டங்ஸ்டன் சுருள்;
சுருளே மறுபடி சுருண்டிருக்கும்,
குழந்தையின் முடிபோல.
ஒரு வளைவு கோணினாலும் குப்பைத் தட்டு.

ஓஷ் போகும் சாலையோரம் கடை போட்டேன்.
கடை என்றால் ஒரு போர்வை.
பக்கத்தில் சய்கால், அவளும் பல்பு.
அவளுக்கு அப்பால் துர்துபாய், அவரும் பல்பு.
இருட்டினால்
வெளிச்சம் விற்கும் நாங்கள் மூவரும்
தட்டுத் தடுமாறி வீடு போவோம்.
எங்கள் தெருவில் மின்வெட்டு.

மூன்றாம் நாள் ஒரு லாரி நின்றது.
எர்காஷ் என்று பெயர், பஜார்-கோர்கோனில் கோழிப்பண்ணை.
பல்பைக் காதருகே ஆட்டிப் பார்த்தார்.
"இது எவ்வளவு சுடும்?"
"எவ்வளவு வெளிச்சம் என்று கேளுங்கள்."
"குஞ்சுகளுக்கு என்ன, பேப்பரா படிக்கப் போகின்றன?"

எனக்குச் சுருக்கென்றது.
ஆனாலும் கணக்கு தெரியும்.
கம்பிக்குள் எலக்ட்ரான்கள் முண்டியடித்துப் போகும்,
டங்ஸ்டன் அணுக்கள்மேல் இடித்து இடித்து;
இடிபட்ட அணு நின்ற இடத்திலேயே நடுங்கும்.
அந்த நடுக்கத்துக்குத்தான் சூடு என்று பெயர்.
இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரி நடுங்கினால்
கொஞ்சம் ஒளி சிந்தும்,
நூற்றில் ஐந்து, மிஞ்சினால் ஆறு.
மீதி முழுவதையும் நாங்கள்
'நஷ்டம்' என்ற கட்டத்தில் எழுதுவோம்.

எர்காஷ் என் நஷ்டத்தை விலைபேசி
இரண்டு பெட்டி வாங்கிப் போனார்.

பார்க்கப் போனேன், ஒருநாள், சும்மா.
தகரக் கொட்டகை. வெளியே பனி.
உள்ளே பல்புக்கு அடியில் வட்டம் வட்டமாக
மஞ்சள் நெருக்கடி.
எங்கோ சூரியன் கடலை மேலே தூக்கியது,
மேகம் மலையில் இறக்கி வைத்தது,
உருகிய பனி நாரினில் விழுந்து சக்கரம் சுற்றியது,
கம்பிவழி வந்து என் இழையில் இடித்தது,
இப்போது ஒரு குஞ்சின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது.
ஆற்றல் அழியாது, ஆள் மாறும் என்று படித்திருக்கிறேன்.
அழியும் என்று யாரும் சொல்லித்தராதது
சம்பளம்.

திரும்பும் வழியில் முள்வேலி.
அதற்கு அந்தப்பக்கம் கல் மூடிய மேடு,
பழைய யுரேனியக் கழிவு.
ஆடுகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது,
வேலியில் ஓட்டை இருக்கிறது.
அதற்குள்ளும் சூடு உண்டு, கைக்கு உறைக்காத சூடு.
அணுவின் நடுவே கரு;
கருவை ஒரு பட்டாணி என்று வைத்தால்
அணுவின் ஓரம்
ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும்.
நடுவில் எல்லாம் வெற்றிடம்.
அவ்வளவு வெட்டவெளியில் ஒரு பட்டாணி
எவரும் தொடாமல், இடிக்காமல், தானாக உடைகிறது.
எந்தப் பட்டாணி, எந்த நாள்,
யாராலும் சொல்ல முடியாது.
என் பல்புக்குச் சுவிட்ச் இருக்கிறது.

மார்ச்சில் எர்காஷ் மறுபடி வந்தார், சண்டைக்கு.
கையில் எரிந்துபோன ஒரு பல்பு.
"ஆயிரம் மணிநேரம் என்றாயே!"
வாங்கி வெயிலில் பிடித்தேன்.
இழை அறுந்திருந்தது.
கண்ணாடியின் உச்சியில் புகைபோல் ஒரு கறுப்பு.
புகை அல்ல. டங்ஸ்டன்.
நடுக்கம் தாங்காத அணுக்கள்
ஒவ்வொன்றாய் இழையை விட்டுக் கிளம்பி
குளிர்ந்த சுவரில் போய் ஒட்டியிருந்தன.
அணுவைக் கண்ணால் காண முடியாது என்பார்கள்.
விரலால் தேய்த்துப் பார்த்தேன்,
போகவில்லை;
அது உள்பக்கம்.

இரண்டு பல்பு மாற்றிக் கொடுத்தேன்.
கறுத்ததை நான் வைத்துக்கொண்டேன்.
"அது எதற்கு?" என்றாள் சய்கால்.
விற்பதற்கில்லை என்றேன்.