பதினான்காம் கேள்வி

பேரேட்டில் அவள் நானூற்றுப் பதினேழு.
மார்ச்சுக்குப் பிறகு கட்டங்கள் காலி.
ஆறு வாரம் காலியாகக் கிடந்தால்
'தொடர்பில் இல்லை' என்றெழுதி மூடிவிடலாம், விதி உண்டு.
டர்பன் அலுவலகத்தில் அதற்கென்று
ஒரு சாம்பல் நிறமே வைத்திருக்கிறார்கள்.

மூடியிருப்பேன்.
லிண்டானிதான் வாசலில் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றான்:
"சிஸ்டர் படையாச்சி, டீசல் இருக்கு, மழை இல்லை."

வெருலம் தாண்டியதும் கரும்பு,
கரும்பு முடிந்தால் மலை.
என் கொள்ளுப்பாட்டன் வெட்டிய கரும்பு என்று
யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வரும்.
நான் பார்த்தது ஐஸ் பெட்டியைத்தான்,
காலிச் சளிக்குப்பிகள் வளைவுகளில்
ஒன்றையொன்று இடித்துக்கொள்வதை.

ண்ட்வேட்வேக்கு அப்பால் தார் நின்றுவிடும்.
பிறகு ஆடுகளைக் கேட்டுத்தான் போகவேண்டும்.
கடைக்காரர் சொன்னார், அவள் செத்துப்போனாள்.
குழாயடியில் ஒருத்தி சொன்னாள், செத்தது வேறு ஆள்,
இவள் கேட்டோ மேனரில் தங்கை வீட்டில்.
ஒரு பையன் எதுவும் சொல்லாமல்
மேட்டுப் பக்கம் கையை மட்டும் நீட்டினான்.

பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.
ந்தோம்பிஃபுத்தி. 'மறுபடியும் பெண்' என்று பொருளாம்.
எங்களில் போதும்பொண்ணு உண்டு என்று
போன வருஷம் அவளிடம் சொன்னபோது
இருவரும் வெகுநேரம் சிரித்தோம்,
சிரிக்கக்கூடாதென்று தெரிந்தே.

மாத்திரை?
ஒருநாள்கூட விடவில்லை.
அரசாங்க மருந்தகம், மாதாமாதம், நடந்துபோய்.
அவள் நிறுத்தியது எங்களை மட்டும்தான்.

ஏன் என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.
இருந்தாலும் கேட்டேன்.

தகரப் பெட்டியிலிருந்து எங்கள் சந்திப்புச் சீட்டுகள் வந்தன,
ரப்பர் பேண்ட் போட்டு, பதினொன்று.
"பதினொரு தடவை துப்பினேன்.
இரண்டு தடவை ரத்தம், ஒரு தடவை நெஞ்சுப் படம்.
என் சளி விமானத்தில் சீமைக்குப் போனதாமே.
நான் விமானம் ஏறியதில்லை.
போனது அங்கே என்ன சொல்லிற்று?
ஒரு வரி எழுதிப்போட்டால் என்ன?"

லிண்டானி விதிப்படி ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னான்,
ஓரங்களைக் கொஞ்சம் மழித்து.
எனக்கு ஜூலு புரியும்.
அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும்.

கையிலிருந்த காயைக் கீழே வைக்காமலே,
"பதினான்காம் கேள்வி," என்றாள்.
எங்கள் படிவம் அவளுக்கு மனப்பாடம்.
"இந்த அறையில் எத்தனை பேர் தூங்குகிறீர்கள்?
ஆறு என்பேன், ஆறு என்று எழுதுவாய்.
ஆகஸ்டில் ஐந்து என்றேன்.
ஐந்து என்று எழுதினாய்.
உன் பேனா நிற்கவே இல்லை.
அது என் அம்மா."

ஒரு கோழி உள்ளே வந்து
எங்கள் மூவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"இப்போது நீ சொல். உன் அறையில்?"

ஒன்று, என்றேன்.

"ஒன்றா?"
பரிதாபப்பட்டாளா, கணக்கில் சேர்த்துக்கொண்டாளா,
முகத்தில் தெரியவில்லை.
"ஜன்னலையாவது திறந்து வைத்துப் படு."

பதினொரு தடவை நான் அவளுக்குச் சொன்னது அது.

திரும்பும்போது ஐஸ் பெட்டியில்
குப்பிகளுக்கு நடுவே இரண்டு பிடி பீன்ஸ்.
லிண்டானி வானொலியைப் போடவில்லை.

சாயங்காலம் கணினியில் அவள் கட்டத்தில்
'நலம். கேள்வி கேட்கிறார். பதில் பாக்கி' என்று அடித்தேன்.
சிவப்பாக மின்னியது:
எண்களை மட்டும் உள்ளிடவும்.
ஆய்வகத்துக்குத் தாளில் ஒரு கடிதம் எழுதி,
தபால்தலை தேடி,
அவள் பெயரில் எத்தனை எழுத்து என்று
முதல்முறையாக எண்ணினேன்.

ஃபீனிக்ஸில் என் அறை இரண்டாம் மாடி.
திருடர் பயத்தில் மூடிய ஜன்னல், ஏழு வருஷம் இருக்கும்.
இரவு எழுந்து போய்ப் பார்த்தால்
கொக்கிமேல் மூன்று பூச்சு பெயின்ட்.
சமையலறைக் கத்தியை எடுத்துவந்து
விளிம்பில் வைத்துக் கீற ஆரம்பித்தேன்.